மூன்று முறை சொல்லச் சொன்னது

டிவிக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி.
அதன் ரிமோட் சோபாவின் வயிற்றுக்குள் போய்
இது மூன்றாவது வாரம்.
கையை விட்டுத் துழாவினால்
ஐம்பது காசும் காலாவதியான பஸ் கார்டும்தான் வருகின்றன.

புக்கிட் பாஞ்சாங், பதினோராவது மாடி.
கீழே எல்ஆர்டி வளையும்போது
எங்கள் ஜன்னல்களை நெருங்கியதும்
அதன் கண்ணாடிகள் தாமாகவே மங்கிக்கொள்ளும்.
பார்க்காதே என்று
யாரோ அதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
நானும் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

ரயில் ஓடாத நேரத்தில் தண்டவாளம் பார்க்கிற வேலை எனக்கு.
பதினொன்றரைக்குக் கிளம்பி விடிந்தபின் வருவேன்.
திலகேஸ்வரிக்குத் தோ பாயோவில் பல் கிளினிக்.
அவள் ஊறவைத்த துணியை நான் காயப்போடுவேன்.
அவள் பாதியில் விட்ட தொடரை
நான் பாதியிலிருந்து பார்ப்பேன்.

வீட்டு வைஃபையை என் போன் தொட்டதும்
பெட்டி விழிக்கட்டும்.
நான்கு நொடி காத்திரு.
மூன்று போட்டுப் பார்த்தேன்,
கண் கசக்கிக்கொண்டிருந்த பெட்டிமேல்
அடுத்த கட்டளை விழுந்து வீணானது.
செயலியைத் திற.
ஒலியைப் பன்னிரண்டுக்கு இறக்கு.
ஒரு காலை, நான் எழுதாத ஒரு வரியும் ஓடியது:
'அரிசி ஊறுது. மறந்துடாதீங்க.'

குரலுக்குத்தான் மல்லுக்கட்டு.
ஆங்கிலத்தில் கேட்டால் எல்லாம் செய்யும்.
நிறுத்து என்றேன்.
நிரு என்று யாரும் உங்கள் தொடர்புகளில் இல்லை
என்று வருத்தம் தெரிவித்தது.

அமைப்புகளின் அடியில், எங்கோ ஏழாவது பக்கத்தில்,
எந்த ஓசையானாலும் சரி, மூன்று முறை சொல் என்றிருந்தது.
நிறுத்து.
நிறுத்து.
நிறுத்து.
றகரத்தை அழுத்தியே சொன்னேன்.
அர்த்தம் அதற்கு வேண்டாம், ஓசை போதும்.
டிவி, ஹால் விளக்கு, விசிறி மூன்றையும்
அந்த ஒரு சொல்லில் கோத்துவிட்டேன்.

வியாழன் இரவு, ஒன்பது இருக்கும்.
அவள் தம்பியின் ரெனவேஷன் கடன்.
நான் கையெழுத்துப் போட்டது,
கேட்காமல் போட்டது,
இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டது.
அவள் குரல் ஏறியது. என்னுடையதும்.
நிறுத்து என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.
டிவி நின்றது. விளக்கு அணைந்தது.
விசிறி இரண்டு சுற்று யோசித்து ஓய்ந்தது.
மேல்மாடியில் மாஜோங் கட்டைகளை யாரோ கலைத்தார்கள்.
கீழே எல்ஆர்டி போனது,
கண்ணை மூடிக்கொண்டு.

இருட்டுக்குள்ளிருந்து திலா சொன்னாள்:
"அது நல்லாக் கேக்குது.
எனக்கும் ஒண்ணு வச்சுக் குடுங்க."

அன்றிரவு இரண்டரை மணிக்கு
டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டு போனேன்.
தளர்ந்தது எது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

சனிக்கிழமை அந்தச் சொல்லை அழித்தோம்.
சண்டையில் வராத சொல்லாக வேண்டும் என்றாள்.
உப்பு? வரும். சாவி? நிச்சயம் வரும்.
கடைசியில் அவளே கண்டுபிடித்தாள்.
மும்மூன்று முறை, அவள் போனில் அவள், என் போனில் நான்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி:
வெண்டைக்காய். வெண்டைக்காய். வெண்டைக்காய்.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் அந்தக் காய்க்குப் பெயரில்லை.
'அந்தப் பச்சை' என்போம்.
மறந்து யாராவது சொல்லிவிட்டால்
இருட்டில் தட்டைத் தேடுவோம்.
கடன் அப்படியேதான் இருக்கிறது,
அதைப் பற்றிப் பேசும்போது மட்டும்
இப்போது போனை அடுக்களையில் வைத்துவிடுகிறோம்.

நேற்று தேக்காவில் காய்கறிக் கடைக்காரர்
என்ன வேண்டும் என்றார்.
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.
அரைக்கிலோ நிறுத்து முடிப்பதற்குள்
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

'கடைசிக் காட்சி. அணைஞ்சுபோச்சு.
நுனிய ஒடிச்சுப் பாத்து வாங்குங்க.'